கொழுந்து எடுப்பது யார்?

கோடை விடுமுறைக்குக் கோவையிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்து ‘சிவிலைசேஷன் 6’ ஆடிக்கொண்டிருந்தான். அம்மாவும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். திரை முழுக்க அறுகோணக் கட்டங்கள், பச்சை மலைகள். ஒரு கட்டத்தில் தேயிலைச் செடி தெரிந்தது. பையன் ஒரு வேலையாளை நகர்த்தி அங்கே நிறுத்தினான், ஒரு தட்டு தட்டினான். தோட்டம் வந்துவிட்டது.

“அவ்வளவுதானா ராசா?”

“அவ்வளவுதான் அப்பாயி. இனிமே சயின்ஸ்ல ஒண்ணு கூடும்.”

“கொழுந்து எடுக்கிறது யாரு?”

அவன் எங்கேயோ அழுத்தி, அந்தக் கட்டத்தின் மேல் சின்னதாக ஒரு மனிதத் தலையைக் கொண்டுவந்து காட்டினான். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“ஆம்பளையா, பொம்பளையா?”

அவனுக்குத் தெரியவில்லை. திரையிலும் அதற்கு விடை இல்லை.

அம்மா 34 ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறவள். அன்று இரவு பையன் தூங்கிய பிறகு நானே உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். விடியற்காலை மூன்று மணி வரை எழுந்திருக்க முடியவில்லை. அந்த ஆட்டம் ஆளை விடாது. அதனால்தான் அது என்ன சொல்லித்தருகிறது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

சிட் மையர் ‘சிவிலைசேஷன்’ ஆட்டத்தை முதன்முதலில் வெளியிட்டது 1991-இல். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ 1997-இல் வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் ஆடியது அதையும் அதன் இரண்டாம் பாகத்தையும்தான். ஒரு நாட்டின் தலைமையை உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். ஊர் அமைக்கலாம், வயல் போடலாம், படை திரட்டலாம், பக்கத்து நாட்டோடு பேசலாம், இல்லை மோதலாம். இந்த வகைக்கு 1993-இல் ஆலன் எம்ரிச் என்ற விமர்சகர் ஆங்கிலத்தில் நான்கே சொற்களில் இலக்கணம் சொன்னார். தமிழில் சொன்னால்: தேடு, பரவு, சுரண்டு, ஒழி.

ஆட்டம் தொடங்கும்போது வரைபடம் மூடிக் கிடக்கும். உங்கள் ஆள் போய்க் கால் வைத்த இடம் மட்டும் திறக்கும். அவன் பார்க்காத மலை, இல்லாத மலை. நீலகிரியின் வரலாற்றையும் இப்படித்தான் நெடுங்காலம் எழுதினார்கள். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்தார், ஊட்டி ‘கண்டுபிடிக்கப்பட்டது’ என்று. அவர் வருவதற்கு 700 ஆண்டுகள் முன்பே, 1117-இல், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் இம்மலைப் பழங்குடியான தோடர்களை அஞ்ச வைத்து நீலமலையைப் பிடித்ததாகக் கல்வெட்டு பேசுகிறது. 1603-இல் பெனிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் மேற்குக் கரையிலிருந்து ஏறி வந்து தோடர்களைச் சந்தித்துப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். மலை ஒருநாளும் மூடிக் கிடக்கவில்லை. திறந்து பார்க்கும் கண் யாருடையது என்பதுதான் கேள்வி.

சிவிலைசேஷனில் என்னை உறுத்திய இடம் ஒன்று உண்டு. வரைபடத்தில் அங்கங்கே குடிசைகள் தெரியும். ‘பழங்குடிக் கிராமம்’ என்று பெயர். உங்கள் ஆள் உள்ளே நுழைந்தால் கொஞ்சம் பொன்னோ வேறு ஏதாவது பரிசோ கிடைக்கும். கிடைத்த மறுகணம் கிராமம் மறைந்துவிடும். அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஆட்டம் கேட்பதில்லை. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவுக்குப் போனவர்கள், புல்வெளியோடு திரும்பிவிடாமல் மேட்டில் ஏறிப் பாருங்கள். அங்கே தோடர்களின் குடியிருப்பான மந்து ஒன்று இருக்கிறது. பூங்கா தொடங்கியது 1848-இல். அதற்கு முன்னாலும் மந்து இருந்தது, இன்றும் அடுப்பு எரிகிறது. மறையவில்லை. சுற்றிலும் இருந்த மேய்ச்சல் நிலம்தான் மறைந்தது.

தேயிலைக்கு வருகிறேன். ஆட்டத்தில் பாசன அறிவு கைகூடினால் போதும், மறு முறையே தோட்டம் போட்டுவிடலாம். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு முறை என்பது 40 ஆண்டுகள். அம்மாவின் உழைப்பு முழுவதும் அந்த ஒரு தட்டுக்குள் அடங்கி, மிச்சமும் இருக்கும். இங்கே நடந்தது வேறு. 1835 வாக்கில் கேத்தி அரசுப் பண்ணையில் செடியை நட்டுப் பார்த்தார்கள். தியாசோலை போன்ற தோட்டங்கள் எழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. சீனக் கைதிகளை நடுவட்டத்தில் அடைத்து வைத்துத் தோட்ட வேலை வாங்கினார்கள். அந்தச் சிறைக் கட்டடத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம். செடி வைத்தவுடன் கொழுந்து வந்துவிடாது, மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். கவ்வாத்து பண்ண வேண்டும், களை எடுக்க வேண்டும், அட்டைக்குக் காலைக் கொடுக்க வேண்டும். ரயிலும் அப்படித்தான். மலைக்கு ரயில் விட வேண்டும் என்ற பேச்சு 1854-இல் எழுந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு வண்டி வந்தது 1899-இல், ஊட்டிக்குப் போனது 1908-இல். 46 கிலோமீட்டருக்கு 16 குகைகள், 250 பாலங்கள். அதில் பாறை உடைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட என் மாணவர்களுக்குச் சொல்ல என்னிடம் இல்லை.

எங்கள் குடும்பம் இங்கே வந்ததும் இரண்டு அரசுகள் போட்ட கணக்கால்தான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் அரசு தொடங்கியதுதான் டேன்டீ என்ற தேயிலைத் தோட்ட நிறுவனம். நுவரெலியாவில் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்த அம்மா, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, கோத்தகிரி வந்து மறுபடியும் கூடையைத்தான் தலையில் மாட்டினார். இதைச் சொல்லும்போதெல்லாம், “எங்களை யாரு கேட்டா?” என்பார்.

இந்த மாதிரிக் கணக்கை ஓரளவு நேர்மையாகக் காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ‘விக்டோரியா 3’. 1836-இல் தொடங்குகிறது, ஏறத்தாழ கேத்தியில் தேயிலை நட்ட காலம். அதில் மக்கள் வெறும் தலைகள் அல்லர். தொழில், மதம், இனம், கூலி, வாழ்க்கைத் தரம் எல்லாம் எழுதப்பட்ட கூட்டங்கள். தேயிலைத் தோட்டம் போட்டால் கூலியாட்கள் வர வேண்டும், அவர்களுக்குச் சாப்பாடு கட்டுப்படியாக வேண்டும், இல்லையென்றால் கொதிப்பார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துபோகும் தோட்டப் பொருளாதாரம் எப்படி ஓடுகிறது என்பது அதில் எனக்கே தெளிவாகப் புரிந்தது. ஆனாலும் நாற்காலி அதே நாற்காலிதான். கூலியை ஏற்றலாமா என்று முடிவு செய்பவராகத்தான் உட்கார முடியும். கூலி வாங்குபவராக உட்கார முடியாது.

இப்போது நம் மன்னர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ ஆட்டத்தில் 2022-இல் திராவிடர்கள் வந்தார்கள், சுருள்வாள் வீரர்களோடு. ராஜேந்திர சோழனின் படையெடுப்பையே ஆடலாம். 2025-இல் வந்த ‘சிவிலைசேஷன் 7’ ஆட்டத்திலும் சோழர் உண்டு. அண்ணன் மகன் துள்ளினான், எனக்கும் மகிழ்ச்சிதான். உலகம் முழுக்கப் பிள்ளைகள் ‘சோழன்’ என்ற பெயரைப் படிப்பது சிறிய காரியம் இல்லை. அதே மூச்சில் கனடாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2018-இல் ‘சிவிலைசேஷன் 6’ ஆட்டத்தில் கிரீ பழங்குடியின் பவுண்ட்மேக்கரைத் தலைவராகச் சேர்த்தார்கள். அந்தச் சமூகத்தின் தலைவர்களுள் ஒருவரான மில்டன் டூட்டூசிஸ் வெளிப்படையாக வருத்தப்பட்டார். பிற மக்களை வெல்வதும் நிலத்தைப் பிடிப்பதும் எங்கள் முன்னோரின் நோக்கமாக இருந்ததில்லை, எங்களையும் காலனியவாதிகளைப் போலவே காட்டுகிறீர்களே என்பது அவர் சொன்னதன் சாரம். விருந்துக்கு அழைத்துவிட்டு, அவர் உண்ணாததை இலையில் வைத்த மாதிரி. 2020-இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3’ புதுப்பிக்கப்பட்டபோது அமெரிக்கப் பழங்குடிகளை அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயராலேயே குறித்தார்கள். ‘காலனிக் காலம்’ என்ற கட்டத்தின் பெயரும் ‘வணிகக் காலம்’ ஆயிற்று. முதல் மாற்றம் நல்லது. இரண்டாவது எனக்கு ஒப்பவில்லை. நடந்ததன் பெயரை மாற்றினால் நடந்தது மாறுமா?

டூட்டூசிஸ் சொன்னதைப் படித்தபோது எங்கள் மலைதான் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரர் வருவதற்கு முன் இங்கே தோடர் நெய் கொடுத்தார்கள். கோத்தர் பானையும் அரிவாளும் செய்தார்கள், தோடர் இழவுக்கு இசை வாசித்தார்கள். படகர் தானியம் கொடுத்தார்கள். குறும்பர் தேனும் மூங்கிலும் கொண்டுவந்தார்கள். படகர் வீட்டுக்கு வாடிக்கையாக ஒரு கோத்தர் வீடு, அப்பன் காலத்திலிருந்து மகன் காலத்துக்குத் தொடரும். அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மந்திரம் வைத்தார்கள் என்று சொல்லிக் குறும்பர்களைக் கொன்ற செய்திகள் 19-ஆம் நூற்றாண்டுப் பதிவுகளில் இருக்கின்றன. ஆனால் இந்த நால்வரில் யாரும் மற்ற மூவரையும் விழுங்கிப் பேரரசு ஆகப் பார்க்கவில்லை. இதைக் காட்ட அந்த ஆட்டங்களில் கட்டம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்பில் நாங்களே ஒன்று செய்து பார்த்தோம். பிரவுன் ஷீட்டில் மலையை வரைந்தோம். நான்கு குழுக்கள். புளியங்கொட்டை தானியம், சோழி எருமை, கூழாங்கல் பானை, பாட்டில் மூடி தேன். தனக்கு இல்லாததை மற்றவரிடம் வாங்கினால்தான் பருவம் கழியும். இவ்வளவுதான் விதி. முதல் இரண்டு பருவத்துக்கு, “யாரு மிஸ் ஜெயிக்கிறது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது பருவத்தில் கேட்பது நின்றது, பேரம் தொடங்கியது. கோத்தர் குழு பானையைத் தர மறுத்ததும் படகர் குழு ஆள் அனுப்பிச் சமாதானம் பேசியது.

அப்போது ஐந்தாவது குழுவை உள்ளே விட்டேன். இரண்டே பையன்கள், கையில் ஒரு சாக்பீஸ். நிலத்தை அளக்க வந்தவர்கள். ஒருவன் தோடர் புல்வெளியைச் சுற்றிக் கோடு போடத் தொடங்கினான். பாதி வளைவில் கோடு சோழிகளின் மேல் வந்து நின்றது. தோடர் குழுவில் இருந்த பெண் சோழிகளை நகர்த்தவில்லை. “எருமையை நாங்க எங்க ஓட்டிட்டுப் போறது?” என்றாள்.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “இதுக்கு விதி என்ன மிஸ்?”

நிலத்தை அளந்தவர்கள்தான் விதியையும் எழுதினார்கள் என்றேன். சல்லிவன் தோடருக்கு நிலத்தில் உரிமை உண்டு என்று வாதாடியதையும், அப்போதைய மதராஸ் கவர்னர் லஷிங்டன் அதற்கு உடன்படாததையும் சொன்னேன். அவன் சிறிது நேரம் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சாக்பீஸை என்னிடமே நீட்டினான். நான் வாங்கவில்லை. மணி அடிக்கும்வரை அந்தப் பெண்ணும் அவனும் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஷீட் இன்னும் வகுப்பு அலமாரியில்தான் இருக்கிறது, பாதிக் கோட்டோடு.