பட்டத்துக்குப் பாத்திரர் யார்?

2020-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் தேதி, இங்கிலாந்தின் விண்ட்ஸர் கோட்டை முற்றத்தில், நூறு வயது நிரம்பிய ஒரு முதியவர் வாக்கரைப் பற்றிக்கொண்டு நின்றார். கோட்டின் மார்பில் யுத்தகாலப் பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. பட்டம் பெறுவோர் மண்டியிட வேண்டும் என்பது சம்பிரதாயம். அந்த வயதில் மண்டியிட்டால் எழுந்திருக்க முடியாதென்று அவரை நின்றபடியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். தொண்ணூற்று நான்கு வயதான எலிஸபெத் ராணி, தம் தந்தை ஆறாம் ஜார்ஜ் மன்னரின் வாளை நீட்டி, அந்த முதியவரின் இரு தோள்களையும் மெல்லத் தொட்டார். கேப்டன் டாம் மூர் அன்றுமுதல் சர் டாம் மூர் ஆனார்.

அவர் செய்த காரியம் என்ன? கொள்ளைநோய் உலகத்தை வீட்டுக்குள் அடைத்துவைத்திருந்த அந்த வசந்தகாலத்தில், தம் வீட்டுத் தோட்டத்தின் இருபத்தைந்து மீட்டர் பாதையை, நூறாவது பிறந்த நாளுக்குள் நூறு முறை நடந்து கடப்பதென்றும், அதைக் கண்டு மனமுவந்தோர் தரும் பணத்தைத் தேசிய சுகாதார சேவையின் தர்ம நிதிகளுக்கு அளிப்பதென்றும் சங்கற்பம் செய்துகொண்டார். எதிர்பார்த்தது 1,000 பவுன். சேர்ந்ததோ 3 கோடியே 20 லட்சம் பவுனுக்கும் மேல். பணத்தின் தொகை பெரிதுதான். ஆனால், பர்மா யுத்தகளத்தில் பணியாற்றித் தம் கடமையை என்றோ முடித்துவிட்ட ஒரு மனிதர், இனித் தம்மால் கொடுக்கக்கூடியது தம் தள்ளாத காலடிகள் மட்டுமே என்று உணர்ந்து, அவற்றையும் பிறர்க்கென்று எண்ணிக் கொடுத்தாரே, அந்த மனப்பான்மைக்கு முன்னால் தொகை சிறிதாகிவிடுகிறது.

சர் பட்டம் பெற்றவரைக் குறிக்கும் ‘நைட்’ என்ற சொல் ஆதியில் குதிரை வீரனைக் குறித்தது. மன்னனிடம் நிலம் பெற்று, யுத்தம் வந்தால் கவசம் பூண்டு களத்துக்குச் செல்வது அவன் கடமை. குதிரையும் கவசமும் மறைந்து, பட்டம் மட்டும் எஞ்சிய பிறகு, அதற்கு உரியவர் யார் என்ற கேள்வி எழுந்தது. அதற்கு அதிகாரத்தில் இருந்தோர் அளித்த விடைகள் எப்போதும் கௌரவமானவையாக இருந்ததில்லை. முதல் உலக யுத்தத்துக்குப் பின், லாயிட் ஜார்ஜ் பிரதம மந்திரியாக இருந்த நாட்களில், மாண்டி கிரிகரி என்ற தரகர் மூலமாகக் கட்சி நிதிக்குப் பணம் கொடுத்தவர்களுக்குப் பட்டங்கள் விற்கப்பட்டன. சர் பட்டத்தின் விலை 10,000 பவுன் என்று பேசப்பட்டது. அந்த அவமானத்தின் விளைவாகவே, பட்ட விற்பனையைக் குற்றமாக்கும் சட்டம் 1925-இல் இயற்றப்பட்டது.

விலைக்கு வாங்கியது ஒரு வகைத் தவறு. வெற்றியையே தகுதியென்று மயங்கியது மற்றொரு வகைத் தவறு. வங்கித்துறைக்கு ஆற்றிய சேவைக்காக 2004-இல் பிரெட் குட்வின் சர் பட்டம் பெற்றார். நான்கே ஆண்டுகளில், அவர் தலைமையேற்றிருந்த ராயல் பேங்க் ஆப் ஸ்காட்லாந்து சரிந்து, அதைத் தாங்கிப்பிடிக்க அரசாங்கம் 4,500 கோடி பவுனுக்கு மேல் பொதுப்பணத்தைக் கொட்ட நேர்ந்தது. 2012-இல் பட்டம் பறிக்கப்பட்டது. ஒருவன் எவ்வளவு உயர ஏறினான் என்பதைப் பார்த்தவர்கள், அவன் ஏறியதால் யாருக்கு நிழல் கிடைத்தது என்று பார்க்கத் தவறிவிட்டார்கள்.

அப்படியானால், உண்மையான தகுதி எது? எனக்கு நிகோலஸ் விண்டனின் நினைவு வருகிறது. 1938-ஆம் ஆண்டு இறுதியில், பனிச்சறுக்கு விளையாட சுவிட்ஸர்லாந்து செல்லவிருந்த இருபத்தொன்பது வயதான அந்த லண்டன் பங்குத் தரகர், நண்பர் ஒருவர் அழைத்ததன்பேரில் பயணத்தை மாற்றிக்கொண்டு பிராக் நகருக்குச் சென்றார். ஹிட்லருக்கு அஞ்சி வந்த அகதிகள் குளிரில் நடுங்குவதையும், தங்கள் குழந்தைகளையாவது காப்பாற்றும்படி பெற்றோர் மன்றாடுவதையும் கண்டார். லண்டனுக்குத் திரும்பியதும், பகலெல்லாம் பங்குச் சந்தையில் வேலை பார்த்துவிட்டு, மாலை வேளைகளில் தம் தாயின் துணையோடு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வளர்ப்பு வீட்டையும் 50 பவுன் உத்தரவாதத் தொகையையும் தேடி அலைந்தார். 1939 மார்ச் முதல் ஆகஸ்டு வரையில் 669 குழந்தைகள் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். செப்டம்பர் முதல் தேதி புறப்படவிருந்த ரயிலில் 250 குழந்தைகளுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. அன்று யுத்தம் மூண்டது. அந்த ரயில் புறப்படவே இல்லை.

பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் விண்டன் இதைப் பற்றி ஊரறியப் பேசவில்லை. வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பழைய குறிப்பேட்டில், குழந்தைகளின் புகைப்படங்களும் பெயர்ப் பட்டியலும் கடிதங்களும் இருப்பதை அவர் மனைவி கண்டெடுத்த பிறகே, 1988-இல் உலகம் அறிந்தது. சர் பட்டம் அவரை வந்தடைந்தபோது ஆண்டு 2003; வயது தொண்ணூற்று மூன்று. பட்டம் என்ற ஒன்று உலகத்தில் இல்லாதிருந்தாலும் அவர் அதே காரியத்தை அதே மாலைப்பொழுதுகளில் செய்திருப்பார் என்பதில் யாருக்கும் ஐயமிருக்க முடியாது. நான் அறிந்தவரையில் தகுதிக்கு உரைகல் இது ஒன்றே.

இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், பட்டத்தை ஏற்றவர்கள் மட்டுமல்ல, துறந்தவர்களும் பொன்னாகவே மின்னுகிறார்கள். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவின் நிலையை விளக்கி அமெரிக்க ஜனாதிபதி வில்ஸனுக்கு எழுதிய கடிதத்தை ஆங்கில அரசாங்கம் கண்டித்தபோது, தம்முடைய சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் 1918-இல் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டு, ஜாலியன் வாலாபாக் படுகொலைக்குப் பின், மகாகவி தாகூரும் தம் சர் பட்டத்தைத் துறந்தார். தேசத்தின் மானத்தைக் காட்டிலும் தம் பெயரின் முன்னொட்டுப் பெரிதல்லவென்று உணர்ந்தவர்களே அந்தக் கௌரவத்துக்கு முழுத் தகுதி பெற்றவர்கள்.

பாத்திரமறிந்து பிச்சையிடு என்பார்கள்; பாத்திரமறிந்து பட்டமளிப்பது அதனினும் கடினமான கடமை. பிராக் நகரில் தங்கி, உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய நாட்களில் குழந்தைகளை ரயிலேற்றி அனுப்பியவர் டிரெவர் சாட்விக்; தம்மைக் காட்டிலும் அவரே பாராட்டுக்குரியவர் என்று விண்டன் வாயாரச் சொல்லிவந்தார். சாட்விக் அந்தப் பட்டம் பெறாமலே மறைந்தார். இன்று பிரிட்டனில் எந்த மனிதரும் தாம் அறிந்த ஒருவரைப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கலாம்; நம் நாட்டிலும் பத்ம விருதுகளுக்கு எந்தக் குடிமகனும் பரிந்துரை எழுதலாம். உங்கள் தெருவிலோ ஊரிலோ, யாரும் பார்க்காதபோதும் பிறருக்காக உழைக்கிற ஒருவரை நீங்கள் அறிந்திருந்தால், அவர் மறைந்த பிறகு இரங்கற் கூட்டத்தில் பேசக் காத்திராமல், இன்றே அவருக்காக ஒரு கடிதம் எழுதுங்கள்.