நட்சத்திரக் கையெழுத்து

நடிகரிடம் கையெழுத்து வாங்கப் பெரும்பாலும் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டும். கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தில் 2006-இல் கதை மாறியது. நடிகர் விஜயகாந்த் அங்கே எம்.எல்.ஏ. ஆனார். நட்சத்திரத்தின் கையெழுத்துக்குப் பரிந்துரைக் கடிதத்திலும் வேலை வந்துவிட்டது!

கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் நடிகர்கள் கையெழுத்திட்ட பழைய படங்கள் இருக்கின்றனவா? வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், மை வெளிறிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் மை கெடலாம், பிறகு பிரிக்கவும் முடியாது. கடலோர ஈரக்காற்றில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவே அமிலமில்லாத தாள் வையுங்கள்.

தபாலில் வந்த படமா? பூதக்கண்ணாடியில் பாருங்கள். கையெழுத்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், போட்டது நடிகரின் பேனா அல்ல, அச்சகம்!