திருடனுக்கு வழி விடாத ஏற்பாடு

குற்றத்தைத் தடுக்க ரோந்தைக் கூட்ட வேண்டும் என்பதே பலருடைய முதல் யோசனை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் 1972-ல் இது நேரடியாகச் சோதிக்கப்பட்டது. நகரின் தென்பகுதியிலிருந்த 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒன்றில் வழக்கமான ரோந்து நிறுத்தப்பட்டது. கூப்பிட்டால் மட்டும் போலீசார் போனார்கள். இன்னொன்றில் ரோந்து இரண்டு மூன்று மடங்கானது. மூன்றாவதில் மாற்றமில்லை. ஓராண்டு முடிவில் குற்ற எண்ணிக்கையிலும் மக்களின் அச்சத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

அதற்காகப் போலீஸே தேவையில்லை என்று ஆகிவிடாது. குற்றம் ஊர் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் குற்றவியலாளர் லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் 1980-களில் ஆராய்ந்தபோது, போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதி, சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்திருந்தன. அத்தகைய இடங்களில் மட்டும் ரோந்தைக் கூட்டியபோது ஓரளவு பலன் கிடைத்தது.

இதைவிட வியப்பளிப்பது மேற்கு ஜெர்மனியின் அனுபவம். ஹெல்மெட் போடாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அங்கே 1980-ல் நின்ற இடத்திலேயே அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். உயிரைக் காப்பதுதான் நோக்கம். ஆனால் அந்த ஆண்டு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு, 1986-ல் சுமார் 54 ஆயிரமாக இறங்கிவிட்டது. தெருவோரம் நிற்கும் வண்டியைப் பார்த்ததும் ஆசைப்படுகிறவன் கையில் ஹெல்மெட் இருக்காது. வெறுந்தலையோடு ஓட்டிப் போனால் வழியிலேயே போலீஸ் மறித்துவிடும். சரி, அந்தத் திருடர்கள் கார் திருடப் போயிருக்க மாட்டார்களா? கார் திருட்டு சில ஆயிரங்களே கூடியது. ஒரு வழி அடைபட்டால் திருடன் இன்னொரு வழியைக் கண்டுபிடித்தே தீருவான் என்ற நம்பிக்கை இங்கே பொய்த்தது.

பிரிட்டிஷ் குற்றவியலாளர் ரொனால்ட் கிளார்க் முன்வைத்த அணுகுமுறைக்கு இது வலுவான சான்று. திருடுவதைக் கடினமாக்குவது, பிடிபடும் வாய்ப்பைக் கூட்டுவது, கிடைக்கும் ஆதாயத்தைக் குறைப்பது ஆகியவை அதன் அடிப்படை. காரின் ஸ்டீயரிங் பூட்டும் இந்த வகைதான்.

கத்திக்குத்துக்குப் பூட்டு போட முடியாது. அங்கே மனிதர்களிடம்தான் போக வேண்டும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ போலீசார் 2005-ல் வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, வன்முறையைத் தொற்றுநோய்போல் அணுகினார்கள். கும்பல் இளைஞர்களை நேரில் அழைத்துப் பேசினார்கள். விலகியவர்களுக்கு வேலைக்கும் பயிற்சிக்கும் வழி காட்டினார்கள். அடுத்த பத்தாண்டில் ஸ்காட்லாந்தின் கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. முழுப் பெருமையும் இந்தப் பிரிவையே சேரும் என்று சொல்ல முடியாவிட்டாலும், லண்டன் 2019-ல் இதே பாணியில் தனக்கொரு பிரிவை அமைத்துக்கொண்டது.