ஒரு புள்ளி தவறினால்...

தாதியர் துறையில் மூன்றாம் ஆண்டு பயில்கிறேன் என்றதும், “ஊசி போடத் தெரியுமா?” என்றுதான் பலரும் கேட்கின்றனர். ஊசி போடுவது பயிற்சியில் கைவந்துவிடும். அதில் எவ்வளவு மருந்து ஏற்றுவது என்பதில்தான் எங்கள் அச்சமெல்லாம்.

முதலாம் ஆண்டிலேயே ஐந்து ‘சரி’களை மனனம் செய்கிறோம்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அளவை மட்டும் எடுத்துக்கொள்வோம். மருத்துவர் 60 மில்லிகிராம் ஜென்டாமைசின் எழுதுகிறார். குப்பியில் இருப்பதோ 2 மில்லிலிட்டரில் 80 மில்லிகிராம். அப்படியானால் 1.5 மில்லிலிட்டர் ஏற்ற வேண்டும். தமிழ்ப்பள்ளியில் செய்த அதே தசமக் கணக்குதான். விரிவுரை ஆங்கிலத்திலும் வார்டில் பேச்சு மலாயிலும் நடந்தாலும், மனக்கணக்கை நான் இன்னமும் தமிழில்தான் போடுகிறேன். அன்று தசமப்புள்ளி இடம் மாறினால் தேர்வில் இரண்டு புள்ளிகள் குறையும். இங்கே மருந்து பத்து மடங்காகிவிடும்.

ஆகவே எழுதுவதற்கும் விதிகள் உண்டு. அரை மில்லிகிராமை ‘.5’ என்று எழுதக்கூடாது. புள்ளி மங்கினால் அது 5 ஆகிவிடும். ‘1.0’ என்பதும் ஆகாது. 10 என்று படிக்கப்படலாம். இன்சுலின் அளவுக்குப் பின்னால் ‘யூனிட்’ என்று முழுமையாக எழுத வேண்டும். ‘யு’ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து அவசரக் கையெழுத்தில் சுழியமாகத் தோன்றினால் 10 யூனிட் 100 யூனிட்டாகும்.

சில மருந்துகளுக்கு அளவு சரியாக இருந்தாலும் போதாது. பொட்டாசியம் குளோரைடு 10 மில்லிலிட்டர் குப்பியில் 1 கிராம் இருக்கும். அதைக் கரைசலில் நன்கு கலந்து, மெதுவாகச் சொட்டவிட வேண்டும். அப்படியே இரத்தக்குழாயில் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். இதனை அறியாத தாதி வார்டில் நிற்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆனால் அறிவு ஒன்றே காப்பாற்றிவிடுமா? 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகள் அறுவருக்கு ஹெப்பாரின் ஆயிரம் மடங்கு கூடுதலாகச் செலுத்தப்பட்டது. மூவர் இறந்தனர். மில்லிலிட்டருக்கு 10 யூனிட் உள்ள குப்பிகள் இருக்க வேண்டிய பெட்டியில், மருந்தக ஊழியர் 10,000 யூனிட் குப்பிகளை வைத்துவிட்டார். இரண்டின் சிட்டைகளும் நீல நிறம். தாதியர் வழக்கமான இடத்திலிருந்து வழக்கமான குப்பியை எடுப்பதாகவே நினைத்தனர். அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சல்ஸில் நடிகர் டென்னிஸ் குவைடின் இரட்டைக் குழந்தைகளுக்கும் இதே மருந்தில் இதே தவறு நேர்ந்தது. நல்லவேளை, அவர்கள் பிழைத்தனர்.

கடைசியாகக் கொடுத்த கையை மட்டும் தண்டிப்பது இதனால்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆபத்தான மருந்துகளைத் தனியே பூட்டி வைப்பதும், இரண்டாவது தாதி தானே கணக்குப் போட்டுச் சரிபார்ப்பதும் அதைவிடப் பலன் தரும். முதலாமவர் சொன்ன விடைக்குத் தலையாட்டினால் அது சரிபார்ப்பு ஆகாது! மருந்து எடுக்கும் நேரத்தில் குறுக்கீடும் கூடாது. மருந்து வண்டியருகே நிற்பவரிடம், “மிஸ்ஸி, அப்பாவுக்கு இன்னொரு போர்வை வேண்டும்” என்று கேட்கும் அன்பர்கள் ஐந்து நிமிடம் பொறுத்தருளலாம்.

வீட்டில் இந்தச் சரிபார்ப்பு எதுவும் இல்லை. குழந்தைகளுக்கான பாராசிட்டமோல் மருந்துநீர் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வகைகளில் கிடைக்கிறது. பழைய போத்தலுக்குரிய அளவைப் புதிய போத்தலிலிருந்து ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். பாட்டிமார் நிலை இன்னும் சிக்கலானது. மருந்துப் பையில் ‘செபெலும் மாக்கான்’ என்றிருப்பதை அவர்களால் படிக்க முடியாது. நிறத்தை வைத்தே இனிப்புநீர் மாத்திரை எது, இரத்த அழுத்த மாத்திரை எது என்று அறிகின்றனர். கிளினிக்கில் வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்துவிட்டால் நிறமும் வடிவமும் மாறிவிடும். அதை வேறொரு மருந்தென்று எண்ணி, பழையதையும் புதியதையும் சேர்த்தே விழுங்குவோர் உண்டு. விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அந்தப் பைகளைப் பிரித்துப் பாருங்கள். மருந்தின் பெயரை ஒப்பிட்டு, எப்போது எத்தனை என்று பையின் மேலேயே தமிழில் பெரிதாக எழுதுங்கள். எஞ்சிய பழைய மாத்திரைகளை அரசாங்க மருத்துவமனை மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.