உங்களுக்குத் தெரியுமா? - பாஸ்வேர்டு ஸ்பெஷல்!

கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வந்தது 1960-களின் தொடக்கத்தில். இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கொண்டுவந்தவர் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. 1962-லேயே அங்கே படித்த ஒருவர் எல்லாருடைய பாஸ்வேர்டையும் பிரின்ட் எடுத்துவிட்டார்!

உங்கள் பாஸ்வேர்டு என்னவென்று நல்ல வெப்சைட்டுக்கே தெரியாது! அதை அரைத்துக் கிடைக்கும் ‘ஹாஷ்’ மட்டும்தான் டேட்டாபேஸில் இருக்கும். ஹாஷிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பி வர நேர்வழி கிடையாது. ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்த்துத்தான் உடைக்க வேண்டும்!

‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் பழைய பாஸ்வேர்டையே மெயிலில் அனுப்புகிறதா ஒரு சைட்? உஷார்! உங்கள் ரகசியம் அவர்கள் கையில் இருக்கிறது!

2009-ல் ராக்யூ நிறுவனத்துக்குள் ஹேக்கர் நுழைந்தது எஸ்.க்யூ.எல். இன்ஜெக்‌ஷன் என்ற ஓட்டை வழியாக. உள்ளே ஹாஷ் எதுவும் இல்லை. அப்படியே படிக்கிற மாதிரி கிடந்தவை 3.2 கோடி பாஸ்வேர்டுகள்! அதில் ‘123456’ வைத்திருந்தவர்கள் மட்டும் 2,90,000-க்கும் மேல்!

இரண்டு பேர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் ஹாஷ் வேறுவேறாக வரும். காரணம், ஒவ்வொருவருக்கும் தனியாகச் சேர்க்கும் ‘சால்ட்’. 1979-ல் யூனிக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் 4,096 வகை சால்ட்தான். இன்று ஹாஷ் செய்யப் பயன்படும் ‘பிகிரிப்ட்’ முறையில் எத்தனை வகை தெரியுமா? அந்த எண்ணை எழுதவே 39 இலக்கம் வேண்டும்!

வேகமாக ஓடுவதுதானே நல்ல புரோகிராம்? பிகிரிப்ட் நேர் எதிர். 1999-ல் வந்த இதை மெதுவாக ஓடவேண்டும் என்றே எழுதினார்கள்! ‘காஸ்ட்’ எண்ணை ஒன்று கூட்டினால் ஹேக்கரின் வேலை இரட்டிப்பு. பத்து கூட்டினால் 1,024 மடங்கு!

தமிழில் பாஸ்வேர்டு வைக்க ஆசையா? ‘வணக்கம்’ நமக்கு ஐந்தே எழுத்து. யூ.டி.எஃப்-8 கணக்கில் 21 பைட்! பிகிரிப்ட் பார்ப்பதோ முதல் 72 பைட்டைத்தான். நான்கு முறை ‘வணக்கம்’ அடித்தால் நான்காவதில் ‘வணக’ வரைக்கும்தான் கணக்கு!

யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவர் கென் தாம்சன். அவருடைய பழைய பாஸ்வேர்டு ஹாஷ் பல ஆண்டுகள் உடையாமல் இருந்தது. 2019-ல்தான் உடைந்தது. உள்ளே இருந்தது ஒரு செஸ் நகர்த்தல். மொத்தமே 8 எழுத்து!

உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே கசிந்ததா என்று ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ சைட்டில் பார்க்கலாம். அங்கே போவது உங்கள் பாஸ்வேர்டு அல்ல. 40 எழுத்து ஹாஷில் முதல் 5 மட்டும்!

மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்கிறார்களா? கசிந்த அறிகுறி இல்லாமல் அப்படிக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது!

சின்ன வெப்சைட்தானே என்று பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கிறீர்களா? வேண்டவே வேண்டாம்! பி.எச்.பி. புரோகிராம் மொழியில் 2013 முதல் பாஸ்வேர்டை ஹாஷ் செய்ய ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. சால்ட், காஸ்ட் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்கள் எழுத வேண்டியது எத்தனை வரி? ஒன்றே ஒன்று!