நிலக்கடலை விதைத் தெரிவு: செழித்த செடியும் நல்ல விதையும்

கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள கடலோரத்தில், நெல் வயல்களுக்குக் கிழக்கே அமைந்த மணற்பாங்கான மேட்டு நிலங்கள் நிலக்கடலைக்கு ஏற்றவை. மண் இளகியிருப்பதால் விழுது எளிதில் இறங்குகின்றது. பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணில் தங்குவதும் குறைவு. கச்சான் எனப் பேச்சில் வழங்கும் இப்பயிருக்குச் சந்தைக் காயையே விதையாகக் கொள்ளும் கமக்காரர் பலர். வேறு சிலர், அறுவடையின்போது காய் நிறைந்த செடிகளைத் தனியே ஒதுக்குகின்றனர். இது மேலான வழக்கமே. ஆயினும் இதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு.

வரம்போரத்துச் செடிக்கு வெயிலும் இடமும் அதிகம். முன்போகத்தில் மரக்கறிக்கென எருக் குவித்த இடத்தில் நிற்கும் செடிக்கு உணவு அதிகம். அத்தகைய செடி மிகுதியாகக் காய்த்தால் அது நிலத்தின் கொடையாகலாம். விதையின் குணமென்று கொள்ளுதல் தவறு. வாய்க்கால் வாயில் செழித்து நிற்கும் நெற்பயிரைக் கண்டவர்க்கு இது புதிதன்று.

டென்மார்க்கு நாட்டு யோகான்சன் என்னும் அறிஞர் 1903இல் அவரையினப் பயிரொன்றில் இவ்வுண்மையை நிறுவினார். ஒரே தூய வழியில் வந்த பெரிய விதைகளையும் சிறிய விதைகளையும் வெவ்வேறாக விதைத்தபோது, இரண்டின் சந்ததியும் ஏறக்குறைய ஒரே அளவான விதைகளையே தந்தன. நிலக்கடலையும் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆதலால் தூய இனத்துள் எத்தனை முறை தெரிந்தெடுத்தாலும் விளைவு உயராது. பல வழிகள் கலந்த விதையிலோ தெரிவு பயன் தரும். தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் குடியாத்தம் கொத்துக் கடலையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு 1940இல் வெளியான டி.எம்.வி. 2 இதற்குச் சான்று.

கலப்பு விதையை உடையவர் வரம்போரத்தை விட்டு, நடுவரிசைகளில் சம இடைவெளியில் நிற்கும் செடிகளையே நோக்கவேண்டும். தெரிந்த ஒவ்வொரு செடியின் காயையும் தனிப் பையிலிட்டு, அடுத்த போகத்தில் ஒவ்வொன்றையும் தனி வரிசையாக, ஒரே பாத்தியில் விதைத்தல் வேண்டும். தாய்ச்செடி மெய்யாகவே சிறந்ததா என்பதை அவ்வரிசை காட்டிவிடும். காயின் எண்ணிக்கை மண்ணுக்கேற்ப மிகவும் மாறும். நூறு பருப்பின் நிறை அவ்வளவு மாறாது. ஆகவே இரண்டையும் பார்த்தல் நன்று. மணல் நிலத்தில் சுண்ணச்சத்துக் குறைந்தாலும் காய் பொக்காகும். பூக்கும் தருணத்தில் ஜிப்சம் இடாதவர் விதையைப் பழிப்பது முறையன்று.

இல்லாத குணத்தைத் தெரிவினால் உண்டாக்க இயலாது. பயிராகும் நிலக்கடலை இரு காட்டினங்கள் இயற்கையில் கலந்து தோன்றியது. அதன் இனங்களுக்கிடையே பரம்பரை வேறுபாடு குறைவு. எனவே இலைப்புள்ளி, துரு ஆகிய நோய்களைத் தாங்கும் குணத்தை நாடி, தென்னமெரிக்கக் காட்டினமாகிய கார்டினாசியுடன் ஆராய்ச்சியாளர் கலப்புச் செய்தனர். அவ்வழியில் வந்த பெற்றோரைக் கொண்டு இந்தியாவின் தார்வாரில் உருவானது ஜி.பி.பி.டி. 4. பத்தலகொடையில் முருங்கைக்காயன் 302 நெல்லையும் இந்தோனேசிய மாஸ் நெல்லையும் கலந்து எச்-4 உருவாக்கப்பட்டதும் இம்முறையாலேயே.

திஸ்ஸ, வலவ, இந்தி போன்ற விவசாயத் திணைக்கள இனங்களை வாங்கியவர், அவற்றுள் பெருஞ்செடி தேடி அலையவேண்டியதில்லை. வேற்றினச் செடிகளைக் களைந்து, காயை நன்கு உலர்த்தி, விதைக்கும் காலம் வரை ஓட்டுடனேயே வைத்திருத்தல் போதும்.