நாய் இழுக்கும் ஏர்போர்ட் வண்டி! டிப்ஸ் கொடுத்தால் குற்றம்! தெரியுமா?

விமானம் இறங்கியாயிற்று. பெல்ட்டில் பெட்டியும் வந்தாயிற்று. வெளியே ஓட்டல் அனுப்பிய வண்டி தயாராக நிற்கிறது. என்ன வண்டி? குரைக்கிற வண்டி!

நம்ப மாட்டீர்கள். ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே, ஸ்வீடனின் கிருனா விமான நிலையத்தில் இறங்கி யுக்காஸ்யார்வி கிராமத்து ஐஸ் ஓட்டலுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தால், நாய்கள் பூட்டிய பனிச்சறுக்கு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்! ஓட்டல் மட்டும் லேசுப்பட்டதா? பக்கத்தில் ஓடும் டோர்ன ஆற்றின் பனிக்கட்டியை வெட்டியெடுத்துக் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் புதிதாகக் கட்டுகிறார்கள். வெயில் வந்ததும் சுவரும் கூரையும் உருகிப் பழையபடி ஆற்றுக்கே போய்விடும்.

அதை விடுங்கள். ஓமனின் முசந்தம் தீபகற்பத்தில், மலைக்கும் கடலுக்கும் இடுக்கில், சிக்ஸ் சென்ஸஸ் ஜிகி பே என்றொரு ரிசார்ட். மலை உச்சிவரை ஜீப். அப்புறம்? பயந்தவர்கள் ஜீப்பிலேயே இறங்கலாம். துணிந்தவர்கள் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பாராகிளைடரில் மலையிலிருந்து குதித்து, கடற்கரை மணலில் கால் வைத்து ரூம் சாவி வாங்கலாம்! ஜீப் டிரைவருக்கு டிப்ஸ் தருவது குதிப்பதற்கு முன்பா, பின்பா? குதித்து முடித்தபின் பர்ஸை எடுக்கும் தெம்பு இருக்குமா என்பது சந்தேகம் என்பதால், முன்பே கொடுத்துவிடுவது உத்தமம்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் பெட்ரோல் கார் நுழையவே கூடாது. ரயிலில் வந்து இறங்கினால் பேட்டரி வண்டிதான். சில பழைய ஓட்டல்கள் இன்றும் குதிரை வண்டி அனுப்புகின்றன. வெனிஸ் விமான நிலையத்துக்கோ படகுத்துறையே உண்டு! வாட்டர் டாக்ஸி பிடித்தால் ஓட்டலின் கால்வாய்ப் பக்கத்து வாசலில் கொண்டுபோய் இறக்கும். வாடகைதான் நூறு யூரோவைத் தாண்டும்.

மாலத்தீவில் வேறு கூத்து. அங்கே பல ரிசார்ட்டுகளுக்கு வண்டி என்பதே கடல் விமானம்! ட்வின் ஆட்டர் எனப்படும் குட்டி விமானம், அடியில் சக்கரத்துக்குப் பதில் மிதவைகள். ஓட்டுகிற பைலட்டின் காலைப் பார்த்தால் செருப்புகூட இருக்காது! வெறுங்கால்! உலகிலேயே அதிகக் கடல் விமானங்கள் வைத்திருக்கும் டிரான்ஸ் மாலத்தீவியன் ஏர்வேஸ் நிறுவனத்தின் அன்றாடக் காட்சி இது. ஆனால் ஆச்சரியத்தில் வாயைப் பிளப்பதற்கு முன் மூன்று சங்கதிகளைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலம் மாலே வந்து சேர்ந்தால் அன்றைய ராத்திரி ரூம் வாடகை உங்கள் தலையில். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் தனிக்காசு. மூன்றாவதுதான் அடிமடியில் கை வைப்பது: கார் என்றால் வண்டிக்கு இவ்வளவு என்று கணக்கு; இங்கே தலைக்கு இவ்வளவு! போக வர ஓர் ஆளுக்கு 400 டாலரைத் தாண்டும் ரிசார்ட்டுகள் ஏராளம். ‘ரூம் மலிவாகக் கிடைத்தது’ என்று குதித்தவர்கள் கணக்குப் பார்த்துக் கவிழ்ந்து உட்காருவது இந்த இடத்தில்தான்.

சரி, சாலைக்கு வருவோம். ஹாங்காங்கின் பெனின்சுலா ஓட்டல் 1928-ல் திறந்தது. 1970-ல் அது ஒரே சமயத்தில் ஏழு ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ கார்களை வாங்கியது. எதற்கு? விருந்தாளிகளை ஏற்றி இறக்க! எல்லாமே ஒரே கரும்பச்சை. 1974-ல் வந்த ஜேம்ஸ்பாண்ட் படமான ‘தி மேன் வித் த கோல்டன் கன்’னில்கூட அந்தப் பச்சைக் கார்கள் தலைகாட்டுகின்றன. 2006-ல் வந்தவை ஃபாண்டம், அதுவும் பதினான்கு! பக்கத்து மக்காவ் நகரில் ஒருவருக்கு இதைப் பார்த்துப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. 2014-ல் தான் கட்டிக்கொண்டிருந்த ஓட்டலுக்காக முப்பது ஃபாண்டம்களுக்கு ஆர்டர் கொடுத்தார்! விலை சுமார் 2 கோடி டாலர்! ஓட்டல் 2018-ல் திறந்தது. 2020-ல் கதவு சாத்தியாயிற்று. பச்சைக் கார்கள் மட்டும் ஹாங்காங்கில் இன்னமும் ஓடுகின்றன.

நமக்கு வரப்போவது சாதா டொயோட்டா என்று வைத்துக்கொள்வோம். அதிலும் ஒரு விசித்திரம், தமிழர்களுக்கென்றே! நம் பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர். ஓட்டல் கம்ப்யூட்டர் பார்ப்பது அதை மட்டும்தான். முதன்முதலில் வெளிநாடு போனபோது, வாசலில் வரிசையாக நீட்டியிருந்த அட்டைகளில் என் பெயரைத் தேடி மூன்று சுற்று வந்தேன். ‘மிஸ்டர் ராமலிங்கம்’ என்ற அட்டையோடு ஒருவர் மட்டும் நின்ற இடத்தில் நின்றுகொண்டே இருந்தார். பாவம், யார் அந்த ராமலிங்கம், இப்படிக் காக்க வைக்கிறாரே என்று பரிதாபப்பட்டேன். நாற்பது நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ராமலிங்கம் என் அப்பா! அவர் அந்த நேரம் ஊரில் திண்ணையில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பார். இனிமேலாவது ஓட்டலுக்கு எழுதும்போது ‘அட்டையில் இந்தப் பெயர் போடுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அட்டையே இல்லாமல் வந்து பல்லிளிப்பவரிடம் ஜாக்கிரதை. ‘எந்த ஓட்டல்?’ என்பார். நீங்கள் சொன்னதும் ‘அங்கிருந்துதான் வர்றேன்’ என்பார்! பெயரை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் வாயிலிருந்து வரட்டும். இன்னொரு குழப்பம் ‘ஷட்டில்’. அமெரிக்காவில் ஏர்போர்ட்டை ஒட்டிய ஓட்டல்கள் பல, இலவச ஷட்டில் வேன் விடுகின்றன; நாலு பேரோடு நாமும் ஏறிக்கொள்ள வேண்டும். ‘டிரான்ஸ்ஃபர்’ என்றால் அது நமக்கே நமக்கான கார், காசு ரூம் பில்லில் ஏறும். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா பாருங்கள். 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அந்தக் கூட்டுத்தொகைக்கு 9 சதவீதம் ஜி.எஸ்.டி. நூறு வெள்ளி என்று பார்த்தது 119 வெள்ளி 90 காசாக வந்து நிற்கும்! அதற்கு மேல் டிப்ஸ் அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. இலங்கை ஓட்டல் பில்லிலும் 10 சதவீதம் சேர்ந்திருக்கும். மாதக் கடைசியில் அது ஊழியர்களுக்குப் பிரிக்கப்படுவதால், நம் கண்ணில் படாத சமையல்கட்டு ஆளுக்கும் ஒரு பங்கு போகும்.

டிப்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. உலகம் முழுக்க அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கிளாஸ் இருக்கிறது, தெரியுமா? பிரெஞ்சில் பூர்புவார், ‘குடிக்க’ என்று பொருள். ஜெர்மனில் ட்ரிங்க்கெல்ட், குடிகாசு! ஹங்கேரிக்காரர் அதையே திராட்சை ரசத்துக்கு என்கிறார், போலந்துக்காரர் பீருக்கு என்கிறார். ரஷ்யர்கள்? ‘நா சாய்’. தேநீருக்கு! அண்ணா நகரிலும் அடையாறிலும் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் தலையைச் சொறிந்துகொண்டு ‘டீ செலவுக்கு ஏதாவது பாத்துப் போடுங்க சார்’ என்கிறாரே, அதே வார்த்தை மாஸ்கோவிலும்! வேகமான சேவைக்கு உறுதி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் ‘டிப்’ ஆனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது சுத்தக் கப்சா. ‘கொடு’ என்ற பொருளில் இங்கிலாந்துத் திருடர்களின் ரகசியப் பேச்சில் புழங்கிய சொல் அது!

அதே இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டுப் பிரபுக்கள் வீட்டு விருந்துக்குப் போனால், கிளம்பும்போது வேலைக்காரர்கள் வாசலில் வரிசை கட்டி நிற்பார்களாம். தொப்பி தருகிறவருக்கு, கோட்டு தருகிறவருக்கு, குதிரை பிடிக்கிறவருக்கு என்று ஆளாளுக்கு அழ வேண்டும். இந்த வழக்கத்தை எதிர்த்துக் கிளம்பியவர் ஜோனஸ் ஹான்வே. யார் அவர்? கேலிக்கு அஞ்சாமல் லண்டன் தெருவில் குடை பிடித்து நடந்த முதல் ஆம்பிளை என்று பெயர் வாங்கியவர்! குடை ஜெயித்தது. டிப்ஸை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

லண்டன் என்றதும் இன்னொன்று. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் அந்த நகரத்தில், சவாய் ஓட்டல் வாசலுக்குப் போகும் சவாய் கோர்ட் என்ற குட்டித் தெருவில் மட்டும் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்! அங்கே கறுப்பு டாக்ஸியில் போய் இறங்கினால் சில்லறையை முழுத்தொகையாக்கிக் கொடுத்துவிட்டு நகரலாம், சதவீதக் கணக்கெல்லாம் வேண்டாம். அந்த டிரைவருக்கோ சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் கிடக்கும் 25,000 தெருக்கள் மனப்பாடம்!

அமெரிக்காவுக்குப் போனால் இந்தத் தாராளமெல்லாம் செல்லாது. பெட்டி தூக்குகிறவருக்குப் பெட்டிக்கு ஒன்றிரண்டு டாலர். இலவச ஷட்டில் என்றாலும் பெட்டியை ஏற்றி இறக்கிய டிரைவருக்கு அதே கணக்கு. ரூம் கூட்டுகிறவருக்கு ராத்திரிக்கு 2 முதல் 5 டாலர். அதையும் தினம் தினம் வைக்க வேண்டும், கடைசி நாள் மொத்தமாக வைத்தால் முந்தாநாள் கூட்டியவருக்குப் போகாது! கென்னடி விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸி ஒரே கட்டணம், 70 டாலர். டோல், கூடுதல் கட்டணங்கள் தனி. இறங்கும்போது சீட்டுக்கு முன்னாலிருக்கும் திரை கேட்கும்: 20 சதவீதமா, 25-ஆ, 30-ஆ? அதற்குக் கீழே நாமே தொகையைத் தட்டும் வசதியும் இருக்கிறது. கூச்சத்தில் நம் விரல் அங்கே போவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது பிடித்துக்கொள்ளுங்கள். இதே அமெரிக்காவில் ஒரு காலத்தில் டிப்ஸ் கொடுத்தால் குற்றம்! ஆமாம்! 1909-ல் வாஷிங்டன் மாநிலம் சட்டம் போட்டது. கேட்டாலும் குற்றம், வாங்கினாலும் குற்றம், கொடுத்தவரும் குற்றவாளி! மிசிசிப்பி, ஆர்கன்சா, ஐயோவா, தெற்கு கரோலினா, டென்னசி என்று பின்னால் வந்தவற்றையும் சேர்த்து ஆறு மாநிலங்கள். ‘கைநீட்டிக் காசு வாங்குவது பிரபு, அடிமை காலத்து ஐரோப்பிய நோய், குடியரசுக்கு ஆகாது’ என்பது அவர்கள் கட்சி. 1926-க்குள் அத்தனை சட்டமும் காலி!

ஏன் தோற்றது? ரயிலில் ஏறிப் பார்த்தால் தெரியும். தூங்கும் வசதி கொண்ட புல்மன் ரயில்பெட்டிகளில் வேலைக்கு, உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை பெற்ற கறுப்பின மக்களைத் தேடித் தேடிச் சேர்த்தது அந்தக் கம்பெனி. சம்பளம் சொற்பம், மிச்சத்தைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்! அதைவிடக் கொடுமை, முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயராலேயே பயணிகள் அத்தனை போர்ட்டர்களையும் ‘ஜார்ஜ்’ என்று கூப்பிட்டார்கள். எஜமானன் பெயரால் அடிமையைக் கூப்பிட்ட பழக்கம் சட்டம் மாறியும் போகவில்லை. 1925-ல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, பன்னிரண்டு வருடம் போராடி, 1937-ல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கியவர் ‘ரெட்கேப்’. விமானம் வந்ததும் அவரே ‘ஸ்கைகேப்’! தொப்பி மாறியது, கணக்கு மாறவில்லை. இன்றைக்கும் டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தந்தாக வேண்டிய தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். எப்போதிலிருந்து? 1991-லிருந்து! பல மாநிலங்கள் தாமாகக் கூட்டியிருக்கின்றன, ஆனால் தேசிய எண் அசையவில்லை. அங்கே டிப்ஸ் சன்மானம் அல்ல, சம்பளத்தின் இன்னொரு தவணை. ‘சர்வீஸ் பிடிக்கலை, குடுக்க மாட்டேன்’ என்று வீராப்புப் பேசுகிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

ஆனால் முன்பதிவு செய்த கார் என்றால் பில்லைப் படித்துவிட்டுக் கொடுங்கள். 20 சதவீதத்தை அவர்களே சேர்த்திருப்பார்கள். திரும்பவும் கொடுத்தால் ‘வேண்டாம்’ என்று யாரும் சொல்லப் போவதில்லை! சில்லறை விஷயம் ஒன்று: வேற்று நாட்டு நாணயத்தை டிப்ஸாகத் தராதீர்கள். பணம் மாற்றுகிற கடைகள் தாளைத்தான் வாங்கும், நாணயத்தைத் தொடாது. வாங்கியவருக்கு அது குழந்தை விளையாடத்தான் உதவும். ஊரில் டாலர் வாங்கும்போதே நூறு நூறாக நீட்டுகிற கவுண்ட்டர்காரரிடம் விடாப்பிடியாக நின்று ஒன்றும் ஐந்துமாகக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜப்பானுக்கு அதுவும் வேண்டாம். டாக்ஸி கதவைத் தொடக்கூட வேண்டாம், தானே திறக்கும்! டிரைவர் தன் சீட்டிலிருந்தே இயக்குவார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் சமயத்தில் பரவிய வசதி இது. நாம் பழக்க தோஷத்தில் அறைந்து சாத்தினால் அவர் முகம் சுருங்கும். மீதிச் சில்லறை கடைசி யென் வரை கைக்கு வரும். பாரம்பரிய ரியோகான் விடுதியில் மட்டும் பிரியப்பட்டால் தரலாம், பெயர் ‘கொகோரோசுகே’. அதையும் வெறும் தாளாக நீட்டக் கூடாது. புதுத்தாளாகப் பார்த்து, கவரில் போட்டு, ரூமுக்குக் கூட்டிப் போகிறவரிடம் வந்தவுடனேயே தர வேண்டும். மொய்க்கவர் எழுதிப் பழகிய நமக்கு இதைச் சொல்லியா தரணும்?

டோக்கியோவில் ஓட்டலுக்குப் போக ‘லிமோசின்’ என்று டிக்கெட் கொடுத்தார்கள். அடேயப்பா, நீளக் கார் வரப்போகிறது என்று சட்டையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். வந்தது பஸ்! அந்த ஊரில் ஏர்போர்ட் பஸ்ஸுக்குப் பெயரே லிமோசின்! சீருடை போட்ட இருவர் பெட்டிக்குச் சீட்டு ஒட்டி, அடுக்கி, கதவைச் சாத்தினார்கள். பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியே பார்த்தால், அவர்கள் நிறுத்தத்தில் நேராக நின்று, பஸ்ஸைப் பார்த்து இடுப்பு மடியக் குனிந்து வணங்குகிறார்கள். என் கைக்குள் மடித்து வைத்திருந்த ஆயிரம் யென் தாள் வியர்வையில் நனைந்திருந்தது.